எஞ்சினியர் ஆக முதல் ஒரு எல்ஈடியைக் கொளுத்திப் பாருங்கள்

எங்கள் வீடுகளில் "எஞ்சினியர்" என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை ஸ்குரூ டிரைவருக்கு இல்லை. பிள்ளை எஞ்சினியரிங் படிக்கிறது என்றால் கலியாண வீட்டில் நாலு பேருக்குச் சொல்வார்கள். அதே பிள்ளை பன்னிரண்டு வயதில் பழைய ரிமோட் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், "உடைச்சுப் போடாதை, போய்ப் படி" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வயர் அறுந்து கிடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் டொக்டராகப் போகிறவராக இருக்கலாம், கணக்காளராகப் போகிறவராக இருக்கலாம், என்ன படிப்பது என்று இன்னும் தெரியாதவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், ஒரு சின்ன லைற்றை உங்கள் கையாலேயே, அது ஏன் எரிகிறது என்று தெரிந்துகொண்டு, ஒருமுறை எரிய வைத்துப் பார்க்க வேண்டும். கணினியோடு இணைக்கும் கிட் வேண்டாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதுவதற்காகவும் வேண்டாம். ஒரு எல்ஈடி, ஒரு றெசிஸ்டர், ஒரு பற்றறி. இவ்வளவும் போதும்.

"இதிலை என்ன பெரிய விசயம் இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

மூன்று சாமான், ஒரு கணக்கு

எல்ஈடி பார்க்கச் சின்ன பல்ப் போலத் தெரியும். ஆனால் அது பல்ப் மாதிரி நடக்காது. அதற்கு இரண்டு கால்கள். நீளமான கால் பற்றறியின் நேர்ப் பக்கத்துக்கு, கட்டையான கால் எதிர்ப் பக்கத்துக்கு. மாற்றிக் கொடுத்தால் எரியாது. கால்களை வெட்டிவிட்டீர்கள் என்றால் அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதுதான் எதிர்ப் பக்கம்.

சிவப்பு எல்ஈடி ஒன்றுக்கு ஏறக்குறைய 2 வோல்ற் வேண்டும். அதற்குக் குறைந்தால் மின்னோட்டம் அநேகமாக ஓடாது. அதைத் தாண்டிக் கொஞ்சம் கூடினாலோ மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும், எல்ஈடி சூடாகிச் செத்துப்போகும். அதனால்தான் றெசிஸ்டர். கோயில் அன்னதானத்தில் எல்லாரும் ஒரேயடியாக உள்ளே தள்ளுப்படாமல் வாசலில் நின்று வரிசை போட வைக்கும் தொண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். றெசிஸ்டர் செய்வது அந்த வேலைதான்.

அந்தத் தொண்டர் எவ்வளவு கண்டிப்பானவராக இருக்க வேண்டும்? அதுதான் கணக்கு. பற்றறி 9 வோல்ற். எல்ஈடி எடுப்பது 2. மிச்சம் 7. சாதாரண எல்ஈடிக்கு 20 மில்லி அம்பியர், அதாவது 0.02 அம்பியர், தாராளமாகப் போதும். 7ஐ 0.02 ஆல் பிரித்தால் 350. ஆகக் குறைந்தது 350 ஓம் தடை வேண்டும். கடையில் 350 என்று கேட்டால் கிடைக்காது. 330, 390, 470 என்று குறிப்பிட்ட பெறுமதிகளில்தான் விற்பார்கள். நான் 470ஐ எடுப்பேன். மஞ்சள், ஊதா, மண்ணிறம் என்று மூன்று கோடுகள் அதில் இருக்கும், நாலாவது கோடு அதன் துல்லியத்தைச் சொல்லும். அதைப் போட்டால் 15 மில்லி அம்பியர் ஓடும். வெளிச்சம் நன்றாக இருக்கும், எல்ஈடியும் கனகாலம் உழைக்கும்.

ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தில் படிக்கும் ஓமின் விதி இதுதான். அங்கே அது ஒரு முக்கோணப் படம். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். இங்கே நீங்கள் போட்ட கணக்கு சரியா பிழையா என்று ரீச்சர் சொல்லத் தேவையில்லை, லைற்றே சொல்லும். எங்கள் வீட்டு மொழியில் ஓம் என்றால் ஆமாம். கணக்குச் சரியாக வந்தால் அந்தச் சின்ன சிவப்பு வெளிச்சமும் உங்களைப் பார்த்து ஓம் என்கிறது.

எரிந்ததும் நிறுத்த வேண்டாம். இரண்டு சிவப்பு எல்ஈடிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துப் பாருங்கள். மூன்று போடுங்கள். நாலாவதைப் போடும்போது வெளிச்சம் மங்கிவிடும், ஏனென்றால் நாலுக்கும் சேர்த்து 8 வோல்ற் போய்விட்டது, றெசிஸ்டருக்கு மிச்சம் 1 வோல்ற்தான். ஐந்தாவதைப் போட்டால் அநேகமாக எரியவே எரியாது. எரியாமல் போகும் என்று முதலே கணக்குப் போட்டுச் சொல்லி, அது அப்படியே எரியாமல் போவதைப் பார்ப்பதும் ஒரு சந்தோசம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

இப்போது சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தைப் போடுங்கள். ஒரு மல்ற்றி மீற்றர் இருந்தால் எல்ஈடியின் இரண்டு கால்களுக்கும் இடையில் அளந்து பாருங்கள். சிவப்பில் 2 வோல்ற் அளவில் காட்டியது நீலத்தில் 3 வோல்ற்றுக்குக் கிட்ட வரும். நீல ஒளியின் ஒவ்வொரு துகளுக்கும் சிவப்பு ஒளியின் துகளைவிடக் கூடிய சக்தி வேண்டும். அதைக் கொடுக்கக் கூடிய வோல்ற்றளவு தேவை. குவாண்டம் இயற்பியல் என்று பெரிய புத்தகங்களில் எழுதியிருப்பதை உங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு மீற்றரின் முள்ளோ இலக்கமோ காட்டுகிறது.

"இது ஏன் செத்துப் போச்சு?"

சின்னம்மாவின் மகளுக்குப் பதின்மூன்று வயது. போன கோடை விடுமுறையில் அவளுக்கு ஒரு பொதி எல்ஈடிகளையும் பற்றறியையும் கொடுத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். றெசிஸ்டர் போட்டு ஒன்றை எரிய வைத்தாள். பிறகு, "இது இல்லாட்டி என்னாகும்?" என்றாள். செய்து பார் என்றேன். நேரே 9 வோல்ற்றில் பிடித்தாள். ஒரு கணம் கடும் வெளிச்சம், ஒரு மணம், அவ்வளவுதான்.

"அக்கா, இது ஏன் செத்துப் போச்சு?"

அவள் வகுப்பில் மின்சாரம் படித்தவள். நல்ல புள்ளியும் எடுத்தவள். ஆனால் இந்தக் கேள்வி அங்கே வரவில்லை, வருவதற்கு இடமும் இருக்கவில்லை, ஏனென்றால் அங்கே எதுவும் சாகவில்லை. சில சதம் பெறுமதியான ஒரு எல்ஈடி செத்ததால் அந்தக் கேள்வி பிறந்தது. அதற்கு மறுமொழி தேடிப் பிடித்த நாளில் இருந்து றெசிஸ்டர் என்பது அவளுக்கு வெறும் சொல் இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்குப் பிழை விடுவதற்கு மலிவான ஒரு இடம் தேவை. பள்ளிக்கூடத்தில் பிழை விட்டால் புள்ளி போகிறது. வீட்டில் பிழை விட்டால் பேச்சு விழுகிறது. சமூக ஊடகத்தில் பிழை விட்டால் ஊரே பார்க்கிறது. எல்ஈடியில் பிழை விட்டால் ஒரு எல்ஈடி போகிறது. அடுத்ததை எடுத்துப் போட வேண்டியதுதான்.

இதில் பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பல்ப் மாற்ற வேண்டும் என்றால் தம்பியைக் கூப்பிடுவார்கள். சாமி விளக்கு ஏற்ற வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, பழக்கம். ஆனால் பத்து வருடம் இப்படியே போனால், ஏணியும் ஸ்குரூ டிரைவரும் எனக்குரியவை அல்ல என்று நானே நம்பத் தொடங்கிவிடுவேன். விளக்கு ஏற்றத் தெரிந்த கைக்கு எல்ஈடியும் ஏற்றத் தெரியும். உங்கள் வீட்டில் தங்கச்சி இருந்தால் அந்த மல்ற்றி மீற்றரை முதலில் அவளிடம் கொடுங்கள்.

கையால் வேலை செய்தவர்கள்

கை வேலை என்பது படிப்பு ஏறாதவர்களுக்கு என்று ஒரு எண்ணம் எங்களிடம் இருக்கிறது. எல்ஈடியின் கதையையே எடுத்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்ஈடியை 1962இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் நிக் ஹொலோனியாக். அவரும் எங்களைப் போல இரண்டாம் தலைமுறை. இன்றைய உக்ரேன் பக்கத்தில் உள்ள கார்பாத்திய மலைப் பிரதேசத்தில் இருந்து வந்து இல்லினோய் மாநிலத்தில் குடியேறியவர்கள் அவருடைய பெற்றோர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அந்தக் குடும்பத்தில் முறையாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நிக். படிக்கும் வயதில் ரயில் பாதையில் கூலி வேலையும் செய்திருக்கிறார். உங்கள் அப்பா இரவு வேலை முடிந்து விடியப்புறம் வீட்டுக்கு வருகிறவர் என்றால், இந்தக் கதை உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

சிவப்பு வந்துவிட்டது. பிறகு பச்சையும் வந்தது. நல்ல வெளிச்சமான நீலம் மட்டும் முப்பது வருடங்களாக யாருக்கும் பிடிபடவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. இன்று நாங்கள் பாவிக்கும் வெள்ளை எல்ஈடிகளில் பெரும்பாலானவை நீல எல்ஈடிக்கு மேல் மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சைப் பூசிச் செய்தவை. உங்கள் கைத்தொலைபேசியின் ரோர்ச், படிக்கும் மேசை விளக்கு, வீதி விளக்கு எல்லாம் அந்த நீலத்தின் பிள்ளைகள். அதற்காக 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது: இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா.

இவர்களில் நகமுரா ஜப்பானில் தோக்குஷிமா என்ற இடத்தில், பெரிதாக யாருக்கும் தெரியாத ஒரு கொம்பனியில் வேலை செய்தவர். வாங்கக் காசில்லாததால் ஆய்வுக்கான உபகரணங்களைத் தானே செய்தார். குவாட்ஸ் குழாய்களைத் தானே ஒட்டினார். சில வேளைகளில் வெடிப்புகளும் நடந்தன. 1988இல் ஒரு வருடம் அமெரிக்காவுக்குப் போனபோது அவரிடம் கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை. திரும்பி வந்து, நீல எல்ஈடிக்கான படிகத்தை வளர்க்கும் இயந்திரத்தை நாளுக்கு நாள் கழற்றித் தன் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டினார். அந்த மாற்றம்தான் 1993இல் உலகத்துக்கு நல்ல நீல வெளிச்சத்தைக் கொண்டு வந்தது. அவர் மூளைசாலி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் குழாய் ஒட்டிப் பழகிய கை இல்லாமல் அந்த மூளை தனியே நீலத்தைக் கண்டுபிடித்திருக்காது.

சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்டவர்கள்

இது எங்களுக்குப் புதிய விசயமும் இல்லை. 1990இல் இருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடக்கம். மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் கிடைக்கும், அதனால் ஜாம் போத்தலுக்குள் ஒரு சின்னத் திரி வைத்து மெல்லிய வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். இதை உங்கள் அம்மா அப்பாவில் ஒருவர் எப்போதாவது சொல்லியிருப்பார். "நாங்கள் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள், உங்களுக்கு என்ன குறை?" என்ற வசனத்தில்தான் அது வழமையாக முடியும்.

அந்தக் கதையில் அவர்கள் அதிகம் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. செய்தி கேட்க றேடியோ வேண்டும், றேடியோவுக்குப் பற்றறி இல்லை. அப்போது ஆட்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, சில்லோடு உரசும் டைனமோவில் இருந்து றேடியோவுக்கு மின்சாரம் எடுத்தார்கள். எங்கள் மாமா அதைச் செய்தவர். அவர் எஞ்சினியரிங் படித்தவர் அல்ல. ஆனால் டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம், நடுவில் டயோட் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பழுதான றேடியோ ஒன்றில் இருந்து நாலு டயோட்டைக் கழற்றி எடுத்துப் போட்டதாகச் சொன்னார். "ஒருத்தன் சுத்துவான், மற்றவங்கள் கேப்பினம். சுத்துறவன் களைச்சால் செய்தி வாசிக்கிறவருக்கும் குரல் போயிடும்" என்று சிரித்தார்.

இதைச் சொல்லி அந்தக் காலத்தை அழகாக்க நான் விரும்பவில்லை. அது கொடிய காலம். யாரும் ஆசைப்பட்டு டைனமோ சுற்றவில்லை. நான் சொல்ல வருவது வேறு. மாமாவின் தலைமுறைக்கு ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் தேவை இருந்தது. எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. பழுதானால் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கலாம். தேவை போனதோடு அந்த அறிவும் போகிறது. மாமா இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். அவருடைய பேரப்பிள்ளைக்கு டயோட் என்றால் என்னவென்று தெரியாது. கேட்டால் சொல்லிக் கொடுப்பார். யாரும் கேட்கவில்லை.

வரக்கூடிய மூன்று மறுப்புகள்

முதலாவது: "ஏன் இந்தப் பழைய முறை? ஆர்டுயினோ இருக்குத்தானே?" ஆர்டுயினோ நல்ல பொருள். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில், மாணவர்களுக்கு மலிவாகவும் சுலபமாகவும் இருக்க வேண்டும் என்று செய்தார்கள். நானும் பாவிக்கிறேன். ஆனால் அதை முதலாவதாகத் தொடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஆர்டுயினோ ஊனோ பலகையில் எல்ஈடி ஒன்று ஏற்கனவே பொருத்தி இருக்கும், அதற்கான றெசிஸ்டரும் கூடவே இருக்கும். இணையத்தில் இருந்து பத்து வரி நிரலை எடுத்து ஒட்டினால் லைற் மின்னும். மின்னியது ஏன் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வராது. நாங்கள் ஏற்கனவே வாழ்க்கையில் நிறைய விசயங்களை அப்படித்தான் செய்கிறோம். முதலில் பற்றறியும் றெசிஸ்டரும், ஆர்டுயினோ பிறகு வரட்டும்.

நடுவில் ஒரு படி வேண்டும் என்றால் 555 என்ற சில்லை எடுங்கள். சுவிற்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஹான்ஸ் காமன்சின்ட் என்பவர் 1971இல் வடிவமைத்தது. எட்டுக் கால் பூச்சி மாதிரி இருக்கும். இன்னும் விற்கிறார்கள். அதோடு 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் என்று இரண்டு றெசிஸ்டரும் 10 மைக்ரோ பரட் கப்பாசிற்றர் ஒன்றும் சேர்த்து, மின்னும் லைற்றுக்கான வழமையான சுற்றைக் கட்டினால், எல்ஈடி ஏறக்குறைய ஒரு வினாடிக்கு ஒரு தடவை மின்னும். 68ஐ எடுத்துவிட்டு 680 போடுங்கள். இப்போது ஒன்பது பத்து வினாடிக்கு ஒரு தடவை. ஒரு வரி நிரல் இல்லை. கப்பாசிற்றர் நிரம்பிக் காலியாகும் நேரம்தான் கடிகாரம். நேரம் என்பதை ஒரு சின்னப் பீப்பாய் நிரம்பும் வேகத்தால் அளக்கலாம் என்று அன்றைக்கு விளங்கும்.

இரண்டாவது மறுப்பு அம்மாவிடம் இருந்து வரும்: "கரண்டோட விளையாடாதை." அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைத் தட்டிவிட வேண்டாம். சுவர்ப் பிளக்கில் வரும் மின்சாரம் கனடாவில் 120 வோல்ற், ஐரோப்பாவில் 230. அது ஆளைக் கொல்லும். அதைத் தொட வேண்டாம். மைக்ரோவேவ் அவனையும் பழைய பெட்டி ரீவியையும் திறக்கவே வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றுக்குள் ஆபத்தான மின்சாரம் தங்கி நிற்கும். பழைய கைத்தொலைபேசிகளில் இருக்கும் லித்தியம் பற்றறியைக் குத்தவோ வளைக்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பொத்தான் பற்றறிகளைப் பூட்டி வையுங்கள், விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. 9 வோல்ற் பற்றறியைச் சில்லறைக் காசோடு பொக்கற்றில் போடாதீர்கள். சோல்டர் செய்தால் யன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். இந்த வேலிக்குள் நின்றால் 9 வோல்ற்றோடு எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். எது ஆபத்து, எது இல்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் பாதுகாப்பான பிள்ளை. எல்லாவற்றுக்கும் பயப்படும் பிள்ளை அல்ல.

மூன்றாவது: "இதாலை என்ன பிரயோசனம்?" இதுதான் எனக்கு ஆகக் கவலை தரும் கேள்வி. எங்கள் வீடுகளில் பியானோவுக்கு ஒரு சான்றிதழ், பரதத்துக்கு ஒரு அரங்கேற்றம், நீச்சலுக்கு ஒரு பட்டி. செய்வது எதுவானாலும் கடைசியில் சுவரில் மாட்ட ஏதாவது இருக்க வேண்டும். அதற்குக் காரணமும் எனக்கு விளங்குகிறது. ஒன்றும் இல்லாமல் வந்து, இரண்டு வேலை செய்து, ஒரு பொருள் உடைந்தால் திருப்பி வாங்கக் காசில்லாமல் இருந்த வருடங்களை அவர்கள் மறக்கவில்லை. வீணாகப் போகும் நேரம் அவர்களுக்கு வீணாகப் போகும் காசு. ஆனால் எந்தச் சான்றிதழும் இல்லாமல், யாரும் பார்க்காமல், பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மத்தியானம் முழுக்க ஒன்றைச் செய்து பார்க்கும் சுதந்திரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை அவர்கள் உழைத்துத் தந்த சொத்தில் ஒரு பங்காக நான் நினைக்கிறேன். செலவழிக்காமல் வைத்திருப்பதுதான் வீண்.

மூடிய பெட்டிகள்

இது வெறும் பொழுதுபோக்கு மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். எங்களைச் சுற்றி இருக்கும் எல்லாமே மூடிய பெட்டிகளாகிவிட்டன. கைத்தொலைபேசியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது, பற்றறி ஒட்டியிருக்கிறது, ஸ்குரூவின் தலைகூட சாதாரண ஸ்குரூ டிரைவர் பிடிக்காத வடிவத்தில் இருக்கிறது. பழுதா, புதிது வாங்கு என்று அந்தப் பெட்டி சொல்கிறது. அது சொல்வது உண்மையா பொய்யா என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2009இல் அம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண் தொடங்கிய ரிப்பேர் கஃபே இன்று பல நாடுகளில் நடக்கிறது. பழுதான பொருளைக் கொண்டுபோனால் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்து உங்களோடு சேர்ந்து திருத்துவார்கள், காசு வாங்க மாட்டார்கள். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பொருட்களைத் திருத்திப் பாவிக்கும் உரிமைக்காகச் சட்டம் கொண்டு வந்தது. அதே வருடம் கனடாவும், திருத்துவதற்காக டிஜிற்றல் பூட்டுகளைத் திறப்பதை அனுமதித்துப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே போவதற்குக் கை வேண்டும். திருத்தும் உரிமை இருந்தும் திருத்தத் தெரியாத தலைமுறையாக நாங்கள் இருந்தால் அந்தச் சட்டம் யாருக்கு?

ஒவ்வொரு தீபாவளிக்கும் நத்தாருக்கும் பிறகு எங்கள் தெருவில் குப்பைப் பைகளுக்குள் சோடனை லைற்றுகள் கிடக்கும். தமிழ்நாட்டில் அவற்றை "சீரியல் செட்" என்பார்கள். ரீவி சீரியலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக, சீரீஸாகத் தொடுத்தது என்ற அர்த்தத்தில் வந்த பெயர். அப்படித் தொடுத்த சரத்தில் ஒரு இடத்தில் தொடர்பு அறுந்தால் அதோடு சேர்ந்த எல்லாமே அணையும். முழுச் சரமும் செத்துவிட்டது என்று எறிகிறோம். அநேகமாகச் செத்தது ஒன்று. பற்றறியில் எரியும் சரம் என்றால், பற்றறிப் பெட்டிக்குள் துருப்பிடித்த ஒரு தகடாகவோ, கழன்ற ஒரு வயராகவோகூட இருக்கலாம். ஒரு மல்ற்றி மீற்றரும் இருபது நிமிடமும் போதும். சுவர்ப் பிளக்கில் எரியும் சரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது பெரியவர்களின் வேலை.

சொல்லும் எங்களிடம் இருக்கிறது

இதையெல்லாம் ஆங்கிலத்தில், ஜெர்மனில், நோர்வேஜியனில் படித்துவிட்டுத் தமிழில் கதைக்கச் சொல் இல்லை என்று நினைக்காதீர்கள். இலங்கைப் பாடப் புத்தகங்களில் டயோட்டுக்கு "இருவாயி" என்று பெயர். இரண்டு வாய் உள்ளது. எல்ஈடிக்கு "ஒளிகாலும் இருவாயி". கால் என்றால் நடக்கும் கால் அல்ல, உமிழ்தல் என்ற பழைய அர்த்தம். ஒளியைக் காலுகின்ற இரண்டு வாய்க்காரி! றெசிஸ்டர் "தடையி", கப்பாசிற்றர் "கொள்ளளவி". தமிழ்நாட்டுப் புத்தகங்களில் கப்பாசிற்றரை "மின்தேக்கி" என்பார்கள், குளத்தில் தண்ணீர் தேக்குவது மாதிரி. கடையில் போய் இருவாயி கேட்கச் சொல்லவில்லை. ஆனால் அம்மம்மாவிடம் போய், "இது ஒளிகாலும் இருவாயி" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் புதுச் சொல், உங்களுக்கும் புதுச் சொல். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருப்பீர்கள்.

இந்தச் சனிக்கிழமை

வாங்க வேண்டியவை: சிவப்பு, பச்சை, நீல எல்ஈடிகள் கலந்த ஒரு சிறு பொதி, 470 ஓம் றெசிஸ்டர் ஒரு பிடி, 9 வோல்ற் பற்றறி ஒன்று, அதற்கான கொளுவி, ஒரு பிரெட்போர்ட். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. அந்தக் காலத்தில் றேடியோ கட்டியவர்கள் பாண் வெட்டும் பலகையை எடுத்து அதில் ஆணி அடித்துத்தான் சுற்றுகளைக் கட்டினார்கள். காசிருந்தால் மலிவான மல்ற்றி மீற்றர் ஒன்றும் வாங்குங்கள். வாங்க வசதி இல்லை என்றால் பக்கத்து நூலகத்தில் கேளுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் சில கிளைகளில் இப்படியான வேலைகளுக்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் நகரத்திலும் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியது: முதலில் கடதாசியில் கணக்கு. பிறகு சுற்று. பிறகு, எரிந்த காரணத்தை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் ஆகக் கஷ்டமானது. விளக்கிச் சொல்லத் தெரிந்தால் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருப்பார். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர், பழுதான றேடியோவைத் திருத்தியவர், இப்போது தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். கலியாண வீட்டில் அவரை யாரும் எஞ்சினியர் என்று அறிமுகப்படுத்துவதில்லை. அந்தப் பிரெட்போர்ட்டை அவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, "மாமா, டயோட் என்றால் என்ன?" என்று கேளுங்கள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொள்ளுங்கள், கொஞ்சம் நேரம் எடுக்கும்.